சுவரில் ஏறிய பேர்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க டீச்சர். மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிற இடம், நெடி ஏறும். அந்தப் பக்கம் காற்று இந்தப் பக்கமாகத் திரும்பினால் அவ்வளவுதான், தும்மியே செத்துப்போவீங்க.

நான் கிள்ளிக்கொண்டேதான் பேசுவேன், மரியாதை இல்லை என்று நினைக்காதீங்க. ஆள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கை வேலையில் இருந்து, கண் மிளகாயில் இருந்தால் ஏதோ நாலு வார்த்தை வரும். வீட்டுக்காரரிடமே அப்படித்தான். அவர் கொச்சியில் பரோட்டாக் கடையில் நிற்கிறார். "நேர்ல பாத்தா ஊமை, போன்ல பேசினா வக்கீலு" என்று கேலி பண்ணுவார்.

நீங்க மெட்ராஸில் இருந்து வந்த காரியத்தை என் மாமியார் சொல்லிவிட்டார். திருவம்பலம் ஐயா செத்து வருஷம் திரும்பப் போகிறது. பள்ளிக்கூட வாசலில் கருங்கல் நடப் போறீங்க. அவர் எழுதிவைத்த அந்தச் சுவரில் இருக்கிறதை எல்லாம் கல்லில் கொத்தப் போறீங்க. முதல் வரியிலேயே என் மகள் பொன்சுதா பேர். அதற்குப் பெற்றவள் சரி என்று சொல்ல வேண்டும். அதுதானே?

சொல்ல மாட்டேன்.

கலர் சோடாவைக் குடிங்க. கோபமாகச் சொல்லவில்லை. கோபம்தான், ஆனால் உங்க மேல் இல்லை. செத்த மனிதர் மேல்.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் அஞ்சாப்பை முழுசாக முடிக்காதவள், எனக்கு அந்த நியாயம் எல்லாம் தெரியாது. உங்களுக்கு அவர் வாத்தியார், நீங்க சும்மா இருப்பீங்களா, பெரிய மனிதர் என்றுதான் சொல்வீங்க. மெட்ராஸில் கணக்கு ஆராய்ச்சி பண்ணினாராம். வெள்ளைக்காரன் நாட்டுக்கெல்லாம் போய்க் கணக்குச் சொன்னாராம். பிறகு, இந்த நாட்டில் பிள்ளைகள் கணக்கென்றால் பயந்து மூத்திரம் பெய்கிறார்கள், அதை மாற்றாமல் விட மாட்டேன் என்று எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தாராம். வாத்தியார்களுக்கு வகுப்பு எடுத்தாராம். பாடப்புத்தகம் எழுதுகிற இடத்தில் சண்டை போட்டு வெளியே வந்தாராம். யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லையாம். கேட்காவிட்டால் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு எதற்கு வர வேண்டும்?

வந்தார். அதோ தெரிகிறதே, பழைய பருத்திக் கிட்டங்கி, பஞ்சுப் பொதி அடுக்கி வைக்கிற கட்டிடம், அதை வாடகைக்குப் பிடித்தார். முன்னறையில் அவர் கட்டில், பின்னால் பிள்ளைகளுக்கு இடம். பெஞ்சு கிடையாது, நாற்காலி கிடையாது. ஆணி, சணல், புளியங்கொட்டை, காலி தீப்பெட்டி. பார்க்கிறவர்களுக்குக் காயலான் கடை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பையைக்கூட வீட்டில் போடாமல் அங்கே ஓடும்.

முன்பெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு வாய்ப்பாடு கேட்கும். ஏழேழு நாப்பத்தொம்பது என்று. அர்த்தம் தெரியாவிட்டாலும் காதுக்கு நன்றாக இருக்கும், படிக்கிற தெரு என்று ஒரு பேர் இருந்தது. அவர் வந்த பிறகு அது போயிற்று. அதற்குப் பதிலாக ஒரே சண்டை. "நீ சொன்னது எப்படி?" "நீ காட்டு." "நீ மொதல்ல காட்டு." குழாயடி மாதிரி.

அவர் விடையே சொல்ல மாட்டார், டீச்சர். உங்களுக்குத் தெரியாததா. பிள்ளை போய், ஐயா இது சரியா என்று கேட்டால், சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். தலையைச் சாய்த்து, "எப்படித் தெரியும்?" அவ்வளவுதான். கணக்கென்றால் விடை. விடை தெரியாதவரா அவர்? தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறவரை எங்கள் ஊரில் கள்ளன் என்போம்.

அந்த வியாதி பொன்சுதாவுக்கும் தொற்றியது. என் மாமியார் ஒரு நாள், "உங்க அப்பன் தீவாளிக்குக் கட்டாயம் வந்துருவான்" என்றார். இவள் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "எப்படித் தெரியும்?" என்றாள். என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "பெத்த மகன் வருவான்னு எனக்குத் தெரியாதாட்டி? இவ என்ன கோர்ட்டா, சாட்சி கேக்கா?" அந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்து என் மாமியார் இவளைத்தான் திட்டினார்.

சரி, சுவர் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் கிட்டங்கியில் தரையில் பெரிய வட்டம் போட்டார். வட்டத்தின் விளிம்பில் இரண்டு ஆணி அடித்து ஒரு சணல் கட்டினால் வட்டம் இரண்டு துண்டு. மூன்றாவது ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியில் இருந்தும் மற்ற எல்லா ஆணிக்கும் சணல் கட்டினால் நாலு துண்டு. நாலாவது ஆணிக்கு எட்டு. அஞ்சாவது ஆணிக்குப் பதினாறு. அடுத்த ஆணிக்கு எத்தனை என்று கேட்டார். இவள்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, "முப்பத்திரண்டு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்கு, எத்தனை ஆணி அடிச்சாலும் அப்படித்தான் போகும்" என்றாளாம். நீங்களும் அப்படித்தானே சொல்வீங்க? நானும் அப்படித்தான் சொல்வேன். யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அடித்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்று.

ஒன்று குறைகிறது. எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். சணலை அவிழ்த்துக் கட்டினார்கள். ஒன்று குறைகிறது. வாரக்கணக்காக அந்த ஒன்றைத் தேடினார்கள், டீச்சர். தெருவில் ஆணி விழுந்தால் காலில் குத்தும் என்று நாங்கள் கத்துகிறோம், அவர்கள் பாட்டுக்கு ஆணியும் கையுமாக அலைகிறார்கள். இந்த மனிதராவது, பிள்ளைகளா, அது அப்படித்தான், ரெண்டு மடங்கு கணக்கு இங்கே செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? கிட்டங்கியின் வெளிச்சுவர், தெருவைப் பார்த்த சுவர், பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் பார்க்கிற சுவர், அதில் சாக்பீஸால் எழுதினார். "பொன்சுதா ஊகம். பொன்சுதா சொன்னது முப்பத்திரண்டு. வந்தது முப்பத்தொன்று."

அதற்குக் கீழே பிறகு மற்றப் பிள்ளைகள் பேரும் வந்தது. ஆனால் முதல் பேர் என் மகள் பேர். அவர் அதற்கு ஊகச் சுவர் என்று பேர் வைத்தார். தெருவில் எல்லாரும் தப்புச் சுவர் என்றார்கள். எது உண்மை என்று நீங்களே சொல்லுங்க.

பக்கத்து வீட்டு வெயிலாச்சி என் வாசலில் வந்து நின்று, "என்ன ராமுத்தாயி, உன் மக பேரு சுவத்துல ஏறிருச்சாம்ல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் மகன் பேர் ஏறவில்லை, அதுதான் இளக்காரம். அடுத்த நாள் மகனை இழுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போய், "எம் பிள்ளையும் ஏதாச்சும் தப்பாச் சொல்லியிருப்பானே ஐயா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டாளாம். எதற்குக் கேட்டாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பைத்தியக்காரி.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். என் சின்ன மகள் அப்போது வயிற்றில். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கிட்டங்கிக்கே போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "ஐயா, எம் பிள்ளை பேரை அழிச்சிருங்க." இவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரியாதா?

வாசலில் நிழல் பட்டதும், "யாரும்மா?" என்றார்.

"பொன்சுதா அம்மா."

"அடடே! வாங்க, உக்காருங்க, நிக்காதீங்க." அவரே எழுந்து கட்டிலைத் தட்டிவிட்டார். நான் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சுவத்துல… பிள்ளை பேரு…" என்றேன்.

"ஆமா! பாத்தீங்களா?"

"தெருவுல எல்லாரும் பாக்காக, ஐயா."

"பாக்கட்டும்மா. பாக்கத்தானே எழுதியிருக்கு."

"அதான்… எனக்கு… ரொம்ப…"

"புரியுதும்மா, புரியுது. ரொம்பச் சின்னதா இருக்கு. சாக்பீஸ் வேற, ஒரு மழைக்குத் தாங்காது. நானே நெனச்சேன். நீங்க கவலைப்படாதீங்க."

மறுநாள் காலையில் பார்க்கிறேன், நீலப் பெயிண்டு. எழுத்து ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

சிரிக்கிறீங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க. வாயில்லாதவள் ஒருத்தி அழிங்க என்று சொல்லப் போய்ப் பெரிசாக எழுத வைத்துவிட்டு வந்தாள் என்று மெட்ராஸில் போய்ச் சொல்லுங்க, எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். நான் எப்போதடா நகரலாம் என்று நிற்கிறேன், அவர் விடவில்லை. "எம் பேர்லயும் ஒண்ணு இருக்கும்மா. சின்ன வயசுல நான் ஒரு ஊகம் சொன்னேன். எட்டு வருஷம் ஒருத்தராலயும் உடைக்க முடியல. அப்புறம் போலந்து நாட்டுல ஒரு பொண்ணு உடைச்சா. இன்னிக்கும் புஸ்தகத்துல, திருவம்பலம் சொன்னது, ஆனா உண்மையில்லைன்னுதான் போடுவான். அதை உடைக்கப் போயித்தான் அந்தப் பொண்ணு புதுசா ஒரு வழியைக் கண்டுபிடிச்சா. நான் செஞ்சதிலேயே பெரிய காரியம் அந்தத் தப்புதான்" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மூக்கு அறுபட்டவன் ஒருவன், மூக்கை அறுத்தால் சாமி தெரியும் என்று சொல்லி ஊரையே அறுக்க வைத்தான் என்பார்களே, அந்தக் கதைதான். இவர் மானம் சீமையிலே போயிற்று. துணைக்கு என் பிள்ளையைச் சேர்க்கிறார்.

ஏன் இதற்குப் போய் இவ்வளவு கொதிக்கிறாய் என்று நினைப்பீங்க. பேர் எழுதினால் என்ன, தேய்ந்தா போகும் என்று நினைப்பீங்க. எங்கள் பக்கம் சுவரில் பேர் எழுதுவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது.

நான் பிறந்த ஊர் இங்கிருந்து கிழக்கே. எங்கள் அப்பா ஒரு கேஸில் சாட்சி சொன்னார். ஊர்ப் பெரியவர் மகன் ஒரு வண்டிக்காரரை அடித்ததைக் கண்ணால் பார்த்தார். பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னார். அவ்வளவுதான். ஊர் கூடி எங்களைத் தள்ளி வைத்தார்கள். சாவடிச் சுவரில் காவியால் எழுதினார்கள். இன்னார் மகன் இன்னார், இவர் வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது. அப்பா பேர் பெரிய எழுத்தில். சாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். கூட்டமாக வருகிற பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் நின்று சத்தமாக வாசிப்பார்கள். எங்கள் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாதவன்கூட அதை மட்டும் தட்டுத் தடுமாறாமல் வாசித்தான். நான் குனிந்துகொண்டு போவேன். பிறகு போகவில்லை. படிப்பு ஏறாத பிள்ளை என்று வாத்தியாரும் விட்டுவிட்டார். எனக்குப் படிப்பு ஏறியது, டீச்சர். சுவர்தான் ஏறவிடவில்லை.

பிழை செய்தவர்கள் பேரைத்தான் சுவரில் எழுதுவார்கள். எனக்கு இது ஒன்றுதான் தெரியும். இதை அந்த மனிதரிடம் யார் சொல்வது?

ஒரு மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். "பொ" என்கிற எழுத்தில் பாதிகூடத் தேய்க்கவில்லை, பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டு இவள் வந்துவிட்டாள். அழவில்லை. சுவரில் முதுகை வைத்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அழிக்காதம்மா."

"தள்ளுட்டி. தப்பு இது."

"தப்புதான். ஆனா நான் சொன்ன தப்பு. நான் சொல்லலைன்னா யாரும் அந்த ஒண்ணைத் தேடியே இருக்க மாட்டாங்க."

"தேடி என்னத்தக் கண்டீங்க?"

"எட்டாவது ஆணி வரைக்கும் கண்டுட்டோம். எங்க குறையுதுன்னு இப்போ எனக்குத் தெரியும். காட்டட்டா?"

வெட்கமே இல்லை, டீச்சர். பத்து வயசுப் பிள்ளை, பேர் கெட்டுப்போய் நிற்கிறோமே என்று ஒரு சொட்டு வெட்கம் கிடையாது. தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. நான் அவள் வயசில் எப்படி இருந்தேன், குனிந்த தலை நிமிராமல். இவளை இப்படி ஆக்கிவிட்டாரே என்று இருந்தது. வீட்டுக்கு இழுத்து வந்து ரெண்டு அடி வைத்தேன். அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நானும்தான்.

அவர் செத்த அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். சொந்தத் தாத்தா செத்தால்கூட அப்படி அழ மாட்டார்கள். துக்க வீடு என்பதால் நானும் போய் ஓரமாக நின்றேன். போகாமல் இருக்க முடியுமா. அவர் தலைமாட்டில் யாரோ ஒரு பிள்ளை சணல் உருண்டை ஒன்றை வைத்திருந்தது. யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்க அவர் மாணவி, உங்ககிட்ட சொன்னால்தான் அவர் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அவர் எண்ணினதே தப்பு.

ஆமாம். முப்பத்தொன்று இல்லை. நான் போட்டுப் பார்த்தேன். சும்மா, கோலத்துக்காகத்தான். வாசல் தெளித்த பிறகு ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் சுற்றி ஆறு புள்ளி வைத்து, எல்லாப் புள்ளிக்கும் கோடு இழுத்தேன். பார்க்கப் பூ மாதிரி அழகாக இருந்தது. எண்ணினேன். முப்பதுதான். முப்பத்திரண்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. எண்ணத் தெரியாதவளா நான்? மறுநாளும் போட்டேன். மார்கழி முழுக்க அதைத்தான் போட்டேன், வெயிலாச்சிகூட வேறு கோலமே தெரியாதாடி உனக்கு என்று கேட்டாள். எத்தனை தடவை எண்ணினாலும் முப்பது. அவ்வளவு பெரிய கணக்கு ஆராய்ச்சிக்காரர், ஒரு வட்டத்தில் எத்தனை துண்டு என்று எண்ணத் தெரியாமல் என் பிள்ளை பேரைச் சுவரில்…

ஏன் எழுந்துவிட்டீங்க? மிளகாய் பட்டுவிட்டதா? கண்ணைக் கசக்காதீங்க, இன்னும் எரியும்.

என்ன கேட்டீங்க? ஆமாம், புள்ளி சமமாகத்தான் வைப்பேன். கோலம் போடுகிற கை, கூடக்குறைய எப்படி வைக்கும்? ஆமாம், நடுவில் மூன்று கோடும் ஒரே இடத்தில்தான் போய் விழும். அதுதானே அழகு. பிள்ளைகள் கண்ட இடத்தில் ஆணி அடித்தார்கள், அவர்களுக்கு எப்படி விழும்? அவர்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு முக்கோணம் வரும், பார்த்திருக்கிறேன், அசிங்கமாக, ஒரு நகத்தளவு… ஓ.

அந்த நகத்தளவுதானா அந்த ஒரு துண்டு?

அப்போ எனக்கு முப்பதுதான் சரியா? இரண்டும் சரியா? அது எப்படி இரண்டும் சரியாக இருக்கும்? இல்லை, இல்லை, சொல்ல வேண்டாம். நான் பிறகு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பேரா? எதற்கு? ராமுத்தாய். மாமியார் சொல்லியிருப்பாரே. முழுப் பேரும் அதுதான்.

கல்லிலா? என்ன டீச்சர் விளையாடுறீங்க? பொன்சுதா பேருக்குக் கீழே என் பேரா? நான் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னேன்? நீங்களும் அவரை மாதிரியே. அவர் சாகவே இல்லை போங்க. ஒருத்தி அழிங்க என்று கேட்டால் இன்னும் ஒரு பேரைச் சேர்க்கிற ஆட்கள் நீங்க.

இருங்க. பையை எடுக்காதீங்க. ஒன்று கேட்கிறேன்.

என் பேரைப் போட்டால் அவள் பேரை எடுத்துவிடுவீங்களா? இரண்டும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பேர் போதும். முப்பத்திரண்டு என்று சொன்னது ராமுத்தாய் என்றே போட்டுக்கோங்க, யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? என்னைப் பற்றி யார் என்ன பேசினால் எனக்கென்ன, நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன், எனக்குப் பழக்கம். அவளுக்குக் குனியத் தெரியாது, டீச்சர். நாளைக்கு யாராவது அந்தக் கல் முன்னால் நின்று, சத்தமாக வாசித்துச் சிரித்தால் அவள் என்ன செய்வாள்? நிமிர்ந்துகொண்டே நிற்பாள். நிமிர்ந்து நிற்கிற பிள்ளை மேல்தான் கல் படும்.

செய்வீங்களா? தலைமையாசிரியரிடம் நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அவர் முன்னால் நிற்கவே வராது. ஆனால் அவளிடம் யார் சொல்வது என்றுதான்… தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அந்த நீல எழுத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதி தேய்ந்து கிடக்கிறதே "பொ", அந்த எழுத்தைத்தான் தொடுவாள். கல்லில் தன் பேர் இல்லாததைப் பார்த்துவிட்டு வந்து அவள் என்னைக் கேட்டால்…

இந்தா வாரேன் அத்தை! கேட்டுச்சு, கேட்டுச்சு, குடத்தை வரிசையில வைங்க!

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, டீச்சர், இதை விட்டால் இனி என்றைக்கோ. நீங்க படித்தவங்க, அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்களே சொல்லுங்க. அம்மா உன் பேரை அழிக்கவில்லை, உனக்குப் பதிலாக அங்கே போய் அவளே நிற்கிறாள் என்று…